வெளியே போன பெயர்

லட்சுமிகாந்தத்துக்குச் சர்க்கரை வியாதி இருப்பதை முதலில் சொன்னது அவளுடைய சொந்த ஆய்வுக்கூடத்து மிஷின்தான்.

மதுரையில் அவள் நடத்திவந்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் புதுக் கருவி எது வந்தாலும், முதல் சோதனைக்குத் தன் ரத்தத்தையே கொடுப்பது அவள் வழக்கம். நோயில்லாத ஒருவரின் ரத்தம் கூடவே நடமாடுவது எவ்வளவு வசதி என்று மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்லுவாள். அன்று வந்திருந்தது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் கருவி. 'நார்மல்' என்று சீட்டு ஒட்டிய குழாயை டெக்னீசியன் உள்ளே வைத்தான். ஆறுக்குள் வந்திருக்க வேண்டும். திரையில் ஒன்பது புள்ளி ஒன்று என்று வந்தது.

"மேடம், மிஷின் சரியில்ல போல" என்றான் அவன்.

"ஆமா. கம்பெனிக்காரனை வரச் சொல்லு" என்றாள் அவள்.

கம்பெனிக்காரன் வந்து பார்த்தான். மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. அதற்குள் அவள் அந்தக் குழாயைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு, டெக்னீசியனின் ரத்தத்தை எடுத்து 'நார்மல்' என்று ஒட்டி வைத்திருந்தாள். எவ்வளவு சாதாரணமாக அதைச் செய்தோம் என்று பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

விருதுநகரில் எண்ணெய்க் கமிஷன் கடை வைத்திருந்தவரின் மகள் அவள். பெங்களூருக்குப் போய் எலிகளின் கெண்டைக்கால் தசையை ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சர்க்கரை தொந்திக்காரர்களின் வியாதி என்று ஊர் உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒல்லியாக உழைக்கிற நம் ஜனங்களுக்கு அது ஏன் வருகிறது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவள் வாழ்க்கை ஓடிற்று. சாப்பிட்ட சர்க்கரையை வாங்கிக்கொள்ள உடம்பில் தசை வேண்டும். சதைப்பிடிப்பு இல்லாத உடம்பில் சர்க்கரை போக்கிடம் இல்லாமல் ரத்தத்திலேயே சுற்றுகிறது. சாப்பிட்டவுடன் கெண்டைக்காலுக்கு வேலை கொடுத்தால் பாதி வியாதி அடங்கும். இதுதான் அவள் கண்டு சொன்னது. அதற்காக அவளை எங்கெங்கோ கூப்பிட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், டி.வி.யில் பேச வைத்தார்கள்.

எந்த மேடையிலும் அவள் தவறாமல் சொல்லுகிற வாக்கியம் ஒன்று உண்டு. "சர்க்கரை தானா வர்றதில்ல. நாமதான் கூப்பிட்டு உள்ள உக்கார வைக்கிறோம்." இதற்குக் கைதட்டல் விழும்.

அப்பேர்ப்பட்டவள் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறவள். சாப்பாட்டில் கறார். உடம்பில் ஒரு பிடி கொழுப்பு கிடையாது. தனக்கு வந்துவிட்டதை யாரிடம் சொல்லுவது? மாத்திரைகளைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தும் அடங்கவில்லை. சென்னையில் டாக்டராக இருந்த கல்லூரித் தோழி ஒருத்தி மட்டும் அறிவாள். "உன் கணையம் களைச்சுப் போச்சு லட்சு. ஊசிக்கு வந்துரு. இதுல உன் தப்பு ஒண்ணுமில்ல" என்றாள் அவள். தப்பு இல்லை என்ற அந்த ஆறுதல்தான் லட்சுமிகாந்தத்துக்குச் செரிக்கவில்லை. இருபது வருஷமாக ஜனங்களைப் பார்த்து, தப்பு உங்களுடையது என்று சொல்லிவந்தவள் அவள்.

ஊசிக்கு வந்து மூன்று வருஷம் ஆயிற்று. மதுரையில் மருந்து வாங்கினால் யாராவது பார்ப்பார்கள். அதனால் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் காரில் போகிற நாட்களில், கொஞ்சம் சுற்றுவழியானாலும் காரியாபட்டி போய், பஜாரில் ஒரு சின்ன மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளுவாள். கடைக்காரர் தங்கச்சாமி முதல் நாள் பில்லுக்குப் பெயர் கேட்டபோது, சட்டென்று வாயில் வந்தது 'முருகேஸ்வரி'. அவள் வீட்டில் சமையல் செய்கிறவளின் பெயர் அது. சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை. காரியாபட்டியில் அவள் முருகேஸ்வரி மேடம்.

அந்த வருஷம் அவளுடைய ஆய்வு சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில் நடந்துகொண்டிருந்தது. அவள் தம்பி சங்கரபாண்டியனுக்கு அங்கே பட்டாசு கம்பெனி இருந்தது. கம்பெனிப் பெண்களில் சர்க்கரை உள்ளவர்களைச் சேர்த்து, சாப்பிட்டபின் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கும் பயிற்சியும் சோற்றுக் குறைப்பும் சொல்லிக்கொடுத்து, மாதம் ஒரு தடவை சமுதாயக் கூடத்தில் ரத்தம் எடுத்துப் பார்ப்பது திட்டம். யாருடைய விவரமும் வெளியே போகாது, கம்பெனிக்கும் போகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அவர்களைச் சேர்த்தார்கள். அந்த ஊர்ப் பெண்ணே ஆன இசைவாணி, லேப் டெக்னீசியன் படித்தவள், வீடு வீடாகப் போய்ப் பேசி அவர்களை நம்ப வைத்திருந்தாள்.

எல்லோருக்கும் சர்க்கரை இறங்கிற்று. கருப்பம்மாளுக்கு மட்டும் இறங்கவில்லை.

கருப்பம்மாள் பூச்சட்டிப் பட்டாசுக்கு வெடிமருந்து அடைக்கிற அறையில் வேலை செய்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஈர்க்குச்சி உடம்பு. எத்தனை கழுவினாலும் விரல் இடுக்கில் அலுமினியப் பொடியின் வெள்ளி மினுக்கம் போகாது. மூன்றாவது மாதமும் அவள் அளவு முந்நூறைத் தாண்டியபோது, லட்சுமிகாந்தம் தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"என்ன சாப்பிட்ட கருப்பம்மா? உண்மையைச் சொல்லு."

"ஒண்ணும் திங்கலம்மா. நீங்க சொன்ன மாதிரிதான்."

"மிஷின் பொய் சொல்லாது. மனுசங்கதான் சொல்லுவாங்க. இவுக எல்லாருக்கும் இறங்குது, உனக்கு மட்டும் ஏன் இறங்கல? வாயைக் கட்ட முடியலன்னா இங்க ஏன் வர்ற?"

பெண்கள் சிரித்தார்கள். "ராத்திரி அடுப்படியில பூனை உருட்டுச்சாக்கும்" என்றாள் ஒருத்தி. கருப்பம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள், ஏதோ அங்கே நிஜமாகவே ஒட்டியிருப்பதுபோல. கம்பெனிப் பெண்களை 'நீங்க' என்றே அழைக்க வேண்டும் என்று தன் மாணவர்களுக்குச் சொல்லி வைத்திருந்த லட்சுமிகாந்தம், அன்று 'நீ' என்று பேசியதை வீட்டுக்கு வரும் வழியில்தான் உணர்ந்தாள். அன்று காலை அவளுடைய சொந்த அளவு இருநூற்று எண்பது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. விருதுநகரில் தம்பி வீட்டில் சாப்பாடு. போகிற வழியில் காரியாபட்டிக் கடையில் இறங்கினாள்.

"வாங்க முருகேஸ்வரி மேடம். உங்க இன்சுலின் பேனா வந்துருச்சு. ஊசி முனையும் சேத்து எடுத்து வச்சிருக்கேன்" என்றார் தங்கச்சாமி உரக்க.

பக்கத்தில் காய்ச்சல் மருந்துப் புட்டியோடு நின்றிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். கருப்பம்மாள். அந்த ஊரில் அவளுடைய கூடப்பிறந்த தம்பி வீடு இருந்தது. தம்பி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்திருக்கிறாள்.

கருப்பம்மாள் பையைப் பார்த்தாள், கடைக்காரரைப் பார்த்தாள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். லட்சுமிகாந்தம் காசைக் கொடுத்துவிட்டுக் கிட்டத்தட்ட ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தாள். கருப்பம்மாள் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"அம்மா, உங்களுக்குமா?" குரலை நன்றாகத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

"யாருக்கும் தெரியாது கருப்பம்மா. யார்கிட்டயும் சொல்லிறாதீக. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

"ஐயோ, என்னம்மா பேச்சு இது. நான் ஏன் சொல்லப் போறேன்?" கருப்பம்மாள் பதறிப்போனாள். "உங்களுக்கே இறங்கலையா? நீங்க எம்புட்டு படிச்சவுக. நான் என்னமோ எங்கிட்டதான் கோளாறுன்னு... ஊசி வலிக்குமாம்மா? எனக்கும் ஊசிதான் போடணுமோன்னு இருக்கு, நெனச்சாலே வயித்தக் கலக்குது."

பதில் சொல்ல அரை நிமிஷம் போதும். ஒல்லியான உடம்பில் கணையமே களைத்துப்போகும் வகை ஒன்று இருக்கிறது. அதற்குப் பயிற்சியும் பத்தியமும் போதாது. உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும், உங்கள் மேல் தப்பில்லை. லட்சுமிகாந்தத்துக்கு இதெல்லாம் தெரியும். உலகத்தில் வேறு யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கடைக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் பேசுவோம்" என்று காரைக் கிளப்பிவிட்டாள்.

தம்பி வீட்டில் அன்று ஒரே கலகலப்பு. தம்பி மகன் தருண்குமாருக்குச் சிவகாசியில் அச்சாபீஸ்காரர் ஒருவரின் பெண்ணைப் பேசி முடிக்கிற கட்டத்தில் இருந்தார்கள். தம்பி மனைவி அனுப்பிரியா இலையில் பால்கோவா வைக்க வந்தபோது லட்சுமிகாந்தம் கையை நீட்டி மறித்தாள்.

"நல்ல காரியத்துக்கு வச்சது மதினி. ஒரு வாய்."

"வேண்டாம் அனு."

"என்னக்கா, உனக்கும் சுகர் வந்துருச்சா?" என்று சங்கரபாண்டியன் சும்மா கேட்டான். "சுகர் டாக்டருக்கே சுகர்!" என்று தருண்குமார் சிரித்தான். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கார்ச் சீட்டில் கிடந்த மருந்துப் பை நினைவுக்கு வந்தது. கருப்பம்மாளின் முகமும் வந்தது. எல்லோரும் தன் முகத்தையே பார்ப்பதாகத் தோன்றியது. பார்வையை வேறு பக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

"எனக்கு என்ன கேடு? உன் கம்பெனி ஆள்களை முதல்ல பாருப்பா. மருந்து அடைக்கிற கருப்பம்மா முந்நூறுக்கு மேல வச்சுக்கிட்டுத் திரியுது. கொஞ்சமும் கட்டுப்பாடு கிடையாது."

சொன்னபோது வெறும் பேச்சு போல லேசாகத்தான் இருந்தது. சிரிப்பு அவளை விட்டு விலகிப் போயிற்று. சங்கரபாண்டியன் மட்டும் சிரிக்கவில்லை. போன மாதம்தான் அக்கம்பக்கத்துக் கம்பெனி ஒன்றில் வெடித்து உயிர்கள் போயிருந்தன.

"மருந்து ரூம்லயா?" என்றான் அவன்.

அடுத்த மாதம் சமுதாயக் கூடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. வந்திருந்தது நாலைந்து பேர். அவர்களும் ரத்தம் கொடுக்க வரவில்லை, தங்கள் தாள்களைத் திருப்பிக் கேட்க வந்திருந்தார்கள். இசைவாணியின் கண்கள் வீங்கியிருந்தன.

"கருப்பம்மா அத்தையை வேலைய விட்டு நிறுத்திட்டாகம்மா. சுகர்காரி மருந்து ரூமுக்கு ஆகாது, மயங்கி விழுந்தா அம்புட்டுப் பேரும் போயிருவோம்னு போர்மேன் எல்லாரு முன்னாடியும் சொல்லியிருக்காரு. யாரோ கம்பெனிக்குச் சொல்லியிருக்காக."

லட்சுமிகாந்தம் மேஜை மேலிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"ஊருக்குள்ள நான்தான் சொன்னேன்னு பேச்சும்மா" என்றாள் இசைவாணி. "ரத்தம் எடுக்குறவ நான்தானே. கொளாயடியில வச்சு அத்தை என்னைய வாய்க்கு வந்தபடி வஞ்சுட்டாக. கம்பெனிக்காரன் வீட்டுக்குக் காட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கிறா பாருன்னு. எங்கம்மாவோடவும் யாரும் பேச மாட்டேங்குறாக. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, இசைவாணி அப்படிப்பட்ட புள்ள இல்லன்னு. நீங்க சொன்னா நம்புவாக."

"விசாரிப்போம்" என்றாள் லட்சுமிகாந்தம்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவள் பெட்டிகளை மூடினாள். விசாரிக்க அங்கே என்ன இருந்தது? காரில் ஏறியபின், இசைவாணி தன் பேச்சை எவ்வளவு நம்பிக்கையோடு கேட்டுக்கொண்டு நின்றாள் என்பது கண்முன் நின்றது. திருத்தங்கல் தாண்டும்போது வண்டியை ஓரங்கட்டினாள்.

வண்டியைத் திருப்பி நேரே கம்பெனிக்குப் போனாள். சங்கரபாண்டியன் சீசன் ஆர்டர் பேசிக்கொண்டிருந்தான். போனை வைத்ததும் கேட்டாள்.

"கருப்பம்மாவை ஏன் நிறுத்துன?"

"நீதானக்கா சொன்ன."

"அது வீட்டுப் பேச்சுப்பா. நான் சொல்லியிருக்கக் கூடாது. கம்பெனிக்குத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"தெரிஞ்ச பெறகு தெரியாத மாதிரி இருக்கச் சொல்றியா? நாளைக்கு அந்தம்மா மயங்கி மருந்து மேல விழுந்தா நான் ஜெயிலுக்குப் போறது கிடக்கட்டும், கூட இருக்குற உசிருகளுக்கு யாரு பதில் சொல்ல?"

அவன் கொடுமைக்காரன் அல்ல. அதுதான் கஷ்டம். "சர்க்கரை கூடுனா மயக்கம் அப்படிச் சட்டுனு வராதுப்பா. குறைஞ்சாத்தான் வரும். மாத்திரை, ஊசி போடுறவுகளுக்குத்தான் அப்படிக் குறையும்" என்று விளக்கினாள்.

"அப்ப ஊசி போடுறவுகதான் ஆபத்து, அப்படித்தானே?"

"நான் ஊசி போடுறேன்ப்பா" என்றாள் லட்சுமிகாந்தம். "மூணு வருசமா. அன்னைக்கு நீங்க எல்லாரும் சிரிச்சதும், என்னைய மறைக்கத்தான் அந்தப் பொம்பள பேரை இழுத்துவிட்டேன்."

சங்கரபாண்டியன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அவன் அருகில் வந்து கையைப் பிடிப்பான் என்று அவள் நினைத்தாள்.

"அனுவுக்குத் தெரிய வேண்டாம்க்கா" என்றான் மெதுவாக. "தருண் கல்யாணம் பேசி முடியட்டும். அப்பாவுக்கும் இருந்துச்சு, உனக்கும் இருக்குன்னா சுகர்க் குடும்பம்னு பொண்ணு வீட்டுல யோசிப்பாக. இம்புட்டு நாள் வெளிய தெரியாமத்தானே இருந்த? இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருந்துரு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபப்படுவது? கடைசியில் அவன், கருப்பம்மாளை மருந்து அறைக்கு எடுக்க முடியாது, பட்டாசைப் பெட்டியில் போடுகிற ஷெட்டில் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுகிறேன் என்றான்.

மறுநாள் அவள் எம். புதுப்பட்டிக்குத் தனியாகப் போனாள். கருப்பம்மாளின் கணவன் ஊர்க்காவலன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, கலர் வாங்கிவரக் கிளம்பினான். பிறகு நினைவு வந்து, "உங்களுக்கு மோர் குடுக்கட்டுமாம்மா? கலரெல்லாம் குடிக்க மாட்டீகள்ல, நீங்க சொல்லிக் குடுக்குறவுக" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்தது. கருப்பம்மாள் வீட்டுக்காரனிடம்கூடச் சொல்லவில்லை.

"நீங்க விசாரிக்க வந்தது நல்லதாப் போச்சும்மா" என்றாள் கருப்பம்மாள். "அந்த இசைவாணிய நீங்களே கேளுங்க. சொந்தக்காரப் புள்ளைன்னு நம்பித்தான் கைய நீட்டுனேன்."

"இசைவாணி சொல்லல. நான்தான் சொன்னேன்."

கருப்பம்மாளுக்குப் புரியவில்லை. "என்னதும்மா?"

"தம்பி வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது உங்க பேரைச் சொல்லிட்டேன். உங்களைக் காரியாபட்டியில பார்த்த அதே நாள். எனக்குச் சுகரான்னு கேலி பண்ணாக. அதை மாத்தணும்னு உங்க பேரைச் சொன்னேன்."

ஊர்க்காவலன் மோர்ச் சொம்போடு வாசலில் நின்றுவிட்டான். கருப்பம்மாள் கத்துவாள், வெளியே போ என்பாள் என்று லட்சுமிகாந்தம் காத்திருந்தாள். அப்படி நடந்திருந்தால் தேவலை. கருப்பம்மாள் விரல் இடுக்கின் வெள்ளி மினுக்கத்தை நகத்தால் சுரண்டினாள்.

"நான் உங்களப் பத்தி ஒரு ஈ காக்காய்கிட்டக்கூடச் சொல்லலையேம்மா" என்றாள்.

அவள் குரலில் குற்றம்சாட்டுகிற வேகம் எதுவும் இல்லை. கணக்கு எங்கே பிசகியது என்று தேடுகிற மாதிரி இருந்தது. லட்சுமிகாந்தம் தலையைக் குனிந்துகொண்டாள். பெட்டி ஷெட்டில் வேலை தருவதாகத் தம்பி சொன்னதை எப்படியோ சொல்லி முடித்தாள். கருப்பம்மாள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அந்தப் புள்ளைய வஞ்சுட்டேனே" என்று அவள் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லாயிருப்பியான்னு கேட்டுட்டேனே, கொளாயடியில அம்புட்டுப் பேரு முன்னாடி. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ வீட்டுக்குப் போவேன்? யாரு சொன்னாலும் ஊரு நம்பாதேம்மா, நீங்கதான் சொன்னீகன்னு."

"நானே சொல்றேன்" என்றாள் லட்சுமிகாந்தம்.

வார விடுமுறை நாளில் இசைவாணி வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். எதற்கு என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். லட்சுமிகாந்தம் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டு அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "அன்னைக்கு விசாரிப்போம்னு சொன்னீகளேம்மா" என்று மட்டும் கேட்டாள்.

கூடம் நிரம்பியது. எத்தனையோ மேடைகளில் பேசியவளுக்கு அன்று முதல் வாக்கியம் வரவில்லை. இசைவாணி மேல் தப்பில்லை, கருப்பம்மாள் பேரைக் கம்பெனிக்குக் கொடுத்தது நான் என்றாள். எனக்கும் சர்க்கரை இருக்கிறது, ஊசி போடுகிறேன், அதை மறைக்கத்தான் அப்படிச் செய்தேன் என்றாள்.

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். இரண்டு மூன்று பேர் எழுந்து போனார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு பெண், முன்பு பூனை என்று கேலி செய்தவளேதான், எழுந்து நின்றாள்.

"அப்ப குதிகால் தூக்குறது எல்லாம் சும்மாவா?"

"சும்மா இல்ல. உங்களுக்கெல்லாம் இறங்கியிருக்கு, அது நிசம். சில பேரு உடம்புக்கு அது போதாது. கருப்பம்மா உடம்பு அப்படி. என் உடம்பும் அப்படி. அவுக எதையும் திருடித் திங்கல."

"அது தெரிஞ்சும் அந்த வசவு ஏன் வஞ்சீக?"

"வெக்கமா இருந்துச்சு" என்றாள் லட்சுமிகாந்தம்.

"எங்களுக்கெல்லாம் வெக்கம் கிடையாதாக்கும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் உட்கார்ந்தாள். கருப்பம்மாள் அன்று கூடத்துக்கு வரவே இல்லை.

மதுரைக்குத் திரும்பி, நடந்ததை மறைக்காமல் எழுதி நிலையத்தின் நெறிமுறைக் குழுவிடம் கொடுத்தாள். ஆய்வை நிறுத்தினார்கள். அதுவரை சேர்த்த அளவுகள் எதையும் பயன்படுத்தக் கூடாது என்றார்கள். தலைமைப் பொறுப்பிலிருந்து அவளே விலகிக்கொண்டாள். ஐதராபாத்தில் பேசக் கூப்பிட்டிருந்தவர்கள், தேதி மாறிவிட்டது என்று மரியாதையாக எழுதினார்கள். மாற்றுத் தேதி வரவில்லை. சங்கரபாண்டியன் சில மாதம் பேசவில்லை. தருண்குமார் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் போன் செய்து அழைத்தான். கல்யாணத்துக்கு அவள் போயிருந்தாள். ஊரில் செய்தி பரவியிருந்ததால், பந்தியில் அவளுக்குப் பரிமாற வந்தவர்கள் இனிப்புத் தட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டே கடந்து போனார்கள். பெண் வீட்டார் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

மறு வருஷம் ஒரு சாயங்காலம் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இசைவாணியைப் பார்த்தாள். அவள் இப்போது டவுனில் ஒரு கிளினிக் லேபில் வேலை பார்த்தாள். நலமா என்று கேட்டாள், சம்பிரதாயமாகச் சிரித்தாள்.

"கருப்பம்மா எப்படி இருக்காக?"

"விஸ்வநத்தத்துல ஒரு கம்பெனிக்குப் போறாகம்மா. இங்கன பெட்டி போட வரமாட்டேன்னுட்டாக. அங்கன மருந்து ரூம்தான்."

"அங்க தெரியுமா? சுகர்னு?"

"இல்லம்மா. சொன்னா எடுக்க மாட்டாகள்ல."

"ஊசி ஆரம்பிச்சாகளா? மாத்திரையாச்சும்?"

இசைவாணி பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். "எங்கிட்ட இப்ப நல்லாத்தான் பேசுறாக. வீட்டுக்கு வர்றாக, போறாக. சுகர்ப் பேச்சை எடுத்தா மட்டும் எந்திரிச்சுப் போயிருவாக. நானும் கேக்குறதில்ல."

"நான் வந்து ஒரு தடவை பாக்கட்டுமா? எந்த ஊசி, எம்புட்டு அளவுன்னு..."

"வேண்டாம்மா" என்றாள் இசைவாணி. கடுமையாகச் சொல்லவில்லை. "உங்க காரு தெருவுல நின்னாலே ஏன் வந்துச்சுன்னு நாலு பேரு கேப்பாக. விஸ்வநத்தம் வரைக்கும் போகும் அந்தப் பேச்சு. அவுகள விட்டுருங்க."

புதுப்பட்டி பஸ் வந்தது. இசைவாணி கூட்டத்தோடு ஏறிப் போய்விட்டாள். வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையில் வந்துகொண்டிருந்தன. லட்சுமிகாந்தத்தின் கார் எதிர்ப்பக்கம் நின்றது. ஜன்னலோரம் இருக்கிற யாராவது தன்னை அடையாளம் கண்டுகொள்ளக் கூடும் என்று பட்டது. அவள் ஒரு கடை ஓரமாக ஒதுங்கி, வேன்கள் எல்லாம் போகட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.